மகளின் காருக்குப் பனிக்கால ரயர்: இருக்கும் றிம்மிலேயே மாற்றுவதா, தனிச் சில்லுகள் எடுப்பதா?

கொக்குவில் ரயர்க்கடை

வணக்கம். தட்டாதெருச் சந்திக்கு அருகில் 30 வருடத்துக்கு மேல் ரயர் ஒட்டும் கடை நடத்தி, இப்போது வீட்டோடு இருப்பவன் நான். ரயரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்றாலும் ஸ்னோவைக் கண்ணால் கண்டதில்லை. எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புகையிலைத் தோட்டம் நனைந்து கிடப்பது மட்டுந்தான்.

மகளும் மருமகனும் மொன்றியலில் மூன்றாம் மாடி வாடகை வீடொன்றில் இருக்கிறார்கள். இந்தக் கோடையில் 2016ஆம் ஆண்டுக் கொரோலா ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். 16 அங்குல அலோய் றிம், 205/55 அளவு ரயர் (அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 வீதம்). பனிக்கால ரயர் போடாமல் அங்கே ஓட முடியாதாம். நான்கு ரயர் மட்டும் வாங்கி, இருக்கும் றிம்மிலேயே மாற்றிப் போட்டு, வசந்தத்தில் பழையதைத் திரும்பப் போட்டால் போதும் என்கிறார் மருமகன். இரும்பு றிம்மோடு சேர்த்துத் தனியாக நான்கு சில்லுகள் எடுத்து வைத்தால் பிறகு தொல்லையில்லை என்று மகளின் சிநேகிதி சொல்லியிருக்கிறார். தீர்ப்பு என்னிடம் வந்திருக்கிறது.

என் மனம் சிநேகிதியின் பக்கமே சாய்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, புது ரயரை யாரும் கண்டதில்லை. ஒரே ரயரை எத்தனையோ தடவை லிவர் போட்டு நெம்பிக் கழற்றி, ஒட்டி, மீண்டும் ஏற்றியிருக்கிறேன். ஓடும் பக்கம் இன்னும் ஓடக்கூடியதாக இருக்கும். றிம்மில் அமரும் உள்விளிம்பு கிழிந்து, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்துவிடும். அதோடு அந்த ரயரின் கதை முடிந்தது. ஆனால் இப்போது எல்லாம் இயந்திரத்தில் கழற்றுகிறார்கள். இந்தப் பயம் இன்றைக்கும் பொருந்துமா? அத்துடன் மூன்றாம் மாடியில் நான்கு சில்லுகளை எங்கே வைப்பது? அங்கே பழக்கமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பூநகரியான், மொன்றியல்

ஐயா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மொன்றியல் இருக்கும் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, இம்மாகாணத்தில் பதிந்த கார்களுக்குப் பனிக்கால ரயர் கட்டாயம். முன்பு டிசம்பர் 15 ஆக இருந்த தொடக்க நாளை 2019இல் முன்னே கொண்டுவந்தார்கள். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பக்கச் சுவரில் பொறித்திருக்க வேண்டும். பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயமில்லை. ஆகையால் ரொறன்ரோ உறவினர் யாராவது "தேவையில்லை" என்று சொன்னால் மகள் அதை நம்ப வேண்டாம்.

வைக்கும் இடத்தைப் பற்றிய உங்கள் கணக்கில் ஒரு சிறு பிழை இருக்கிறது. எந்த வழியில் போனாலும், காரில் இல்லாத நான்கு ரயர்கள் எங்காவது இருக்கத்தான் வேண்டும். றிம் இல்லாத ரயர் தூக்க இலகு. இடத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. மாடிவீட்டுக்காரர் பலர், ரயர் மாற்றும் கடையிலேயே பருவக் கட்டணம் கொடுத்து விட்டுவைக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

காசுக் கணக்கு என்றால் என்னுடையதைச் சொல்லலாம். முதல் இரண்டு வருடம் ஒரே றிம்மில் மாற்றினேன். கழற்றி ஏற்றி பலன்ஸ் பார்க்க ஒரு தடவைக்கு 110 டொலர் போனது. இப்போது சில்லோடு மாற்றுவதற்கு 60 டொலர் கொடுக்கிறேன். வருடத்துக்கு இரு தடவை என்பதால் 100 டொலர் மிச்சம். நான்கு இரும்பு றிம்மும் 360 டொலருக்கு வாங்கினேன், ஆகவே நான்காவது வருடத்தில்தான் அந்தக் காசு திரும்பி வரும். அதற்குள் கார் கைமாறினால் சில்லுகளையும் சேர்த்து விற்கலாம் என்றாலும், போட்ட விலை கிடைக்காது. பணத்தை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பதே என் எண்ணம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முதல் ஸ்னோ கொட்டிய மறுநாள் நகரம் முழுவதும் ரயர் கடைக்கு ஓடும். சில்லோடு இருந்தால் அரை மணி நேர வேலை. இடையில் ஒரு நேரம் தந்துவிடுவார்கள். ரயரைக் கழற்றி ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு கிழமை கழித்து வரச் சொல்வார்கள். மகள் எந்த வழியை எடுத்தாலும் ஒக்டோபர் நடுவிலேயே நாள் குறித்துவிடட்டும்.

உரும்பிராய் இளையவன்

வெளியில் இருந்து ஒரு கேள்வி, குறை நினைக்க வேண்டாம். எல்லாக் காலத்துக்கும் என்று விற்கிற ஒரே ரயரைப் போட்டு வருடம் முழுவதும் ஓட முடியாதா? எங்கள் வீட்டுக் காரில் ஐந்து வருடமாக ஒரே ரயர்தான்.

பூநகரியான், மொன்றியல்

தம்பி, யாழ்ப்பாணத்தில் எந்த இரவிலும் 7 பாகைக்குக் கீழே போகாது. இங்கே மாதக்கணக்கில் பெரும்பாலும் அதற்கு மேலே வராது. அந்த எல்லையை ஒட்டிச் சாதாரண ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கி, வீதியைப் பிடிக்காமல் வழுக்குகிறது. பனிக்கால ரயரின் கலவை மைனஸ் 20இலும் மிருதுவாக இருக்கும், ஆனால் அதையே கோடை வெயிலில் ஓட்டினால் விரைவில் தேய்ந்துவிடும். நீங்கள் சொல்வது போன்றவற்றிலும் சிலவற்றில் மலைச் சின்னம் உண்டு. அவை இங்கே சட்டப்படி செல்லும், குறைந்த தூரம் ஓடுபவருக்குப் போதும். நெடுஞ்சாலையில் தினம் வேலைக்குப் போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

நெடுந்தீவு, ஒஸ்லோ

ஐயா, நோர்வேயில் கார் உள்ள வீட்டில் இரண்டு தொகுதிச் சில்லுகள் இருப்பது வழமை. இங்கே பனிக்காலத்தில் ரயர்ப் பள்ளங்களின் ஆழம் குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், கோடையில் 1.6 போதும். ஆணி பதித்த ரயரை நவம்பர் 1 முதல் ஈஸ்டர் முடிந்து ஏறக்குறைய ஒரு கிழமை வரை போடலாம், வடக்கு மாவட்டங்களில் இன்னும் நீண்ட காலம்.

உள்விளிம்பைப் பற்றிய உங்கள் பயம் முற்றிலும் பழையது அல்ல. நல்ல இயந்திரமும் பொறுமையான கையும் இருந்தால் ஒன்றும் ஆகாது. அவசரக்காரர் கையில், அதுவும் குளிரில் விறைத்த ரயரில், விளிம்பு வெட்டுப்படுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு ரயர் ஐந்து பருவம் உழைக்கிறது என்று வைத்தால், பத்துத் தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். அதைவிட உப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். வீதியில் கொட்டும் உப்பு அலோய் றிம்மின் பூச்சுக்குள் புகுந்து, ரயர் அமரும் இடத்தையே அரிக்கும். பிறகு எந்த ஆணியும் குத்தாமல் காற்று மெதுவாகக் குறையும். இரும்பு றிம்மும் துருப்பிடிக்கும்தான், ஆனால் அது மலிவு, சுரண்டிப் பூச்சு அடிக்கலாம். அலோய் கோடைக்கு மட்டும் இருக்கட்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். முதல் வருடம் நானே வீட்டு முற்றத்தில் சில்லை மாற்றிவிட்டு, நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்காமல் ஹாமார் வரை போனேன். திரும்பும் வழியில் முன்பக்கத்தில் "டக் டக்" என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் இரண்டு நட் விரலால் சுழல்கிறது. சில்லு மாற்றி 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் மறந்ததில்லை. றிம்மும் அச்சுமுகமும் சேரும் இடத்தில் துரு இருந்தால், கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டுப் போடவேண்டும்.

சுன்னாகம் கராஜ்

ரயர்க்கடை ஐயாவுக்கு வணக்கம். தனிச் சில்லு எடுப்பதென்றால் 16 அங்குலமே வேண்டும் என்று மகள் தேட வேண்டியதில்லை. அந்தக் கொரோலா 15 அங்குலத்திலும் வந்தது, 195/65 ரயரோடு. மொத்த உயரம் 205/55-16இல் ஏறக்குறைய 632 மில்லிமீற்றர், 195/65-15இல் 634 சொச்சம். வேகமானியில் வித்தியாசமே தெரியாது. ரயர் மலிவு, பக்கச் சுவர் உயரமானதால் குழியில் விழுந்தால் தாங்கும், ஒடுக்கமான ரயர் இளகிய ஸ்னோவை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். இந்த ஒரு வசதி, இருக்கும் றிம்மிலேயே மாற்றுகிறவருக்குக் கிடைக்காது.

ஆனால் இங்கே இருந்து யாராவது போகும்போது றிம் கொடுத்துவிடலாம் என்று யாரும் யோசித்துவிடக் கூடாது! நாங்கள் ஓட்டும் புதிய அக்சியோவில் நான்கு நட். அந்தக் கொரோலாவில் ஐந்து, 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில். றிம்மின் நடுத்துளை 54.1 மில்லிமீற்றர். பொதுவான றிம் என்று விற்பதில் நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் போட வேண்டும், போடாவிட்டால் ஸ்ரியரிங் நடுங்கும். நட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்: அலோய்க்குத் தட்டையான வாசரோடு வந்திருந்தால் அது இரும்பு றிம்முக்கு உதவாது, கூம்பு முகமுள்ள நட் தனியாக எடுக்க வேண்டும். சில்லுக்குள் காற்றழுத்தக் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் இரண்டாவது தொகுதிக்கும் வாங்க வேண்டும், அல்லது பனிக்காலம் முழுவதும் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் செய்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை, குளிரில் காற்று தானாகவே குறையும் என்பதால்.

கொக்குவில் ரயர்க்கடை

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகளோடு பேசினேன். காரில் அழுத்தக் கருவி இல்லையாம், அந்தச் செலவு தப்பியது. ஆகவே 15 அங்குல இரும்பு றிம், பாவித்ததாக இருந்தாலும் வளைவில்லாதது, அதில் புதிய ரயர் நான்கு. ரயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டும் தயாரித்த கிழமை, கடைசி இரண்டும் வருடம் என்பதால், கடைக்காரர் பழைய இருப்பைப் புதியதென்று தள்ளிவிட முடியாது. இறங்கும் சில்லுகளைக் கடையிலேயே விடுவதென்று மருமகனும் ஒத்துக்கொண்டார்; மூன்றாம் மாடிக்குத் தூக்குவது தன் முதுகுதான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது போலும்.

அந்தக் காருக்கு நட் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர் என்று மருமகன் கைநூலில் பார்த்துச் சொன்னார். என் காலத்தில் சில்லுச் சாவியின் நுனியில் காலை வைத்து ஒரு மிதி, அவ்வளவுதான் அளவு. நெடுந்தீவுத் தம்பியின் கதையைக் கேட்ட பிறகு, அளவு காட்டும் சாவி ஒன்றை வாங்கி டிக்கியில் போடும்படி சொல்லிவிட்டேன். 50 கிலோமீற்றர் ஓடியதும் வீடியோவில் அழைத்து, எனக்கு முன்னால் இறுக்கிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.