ஒளி-வெளிக் கலையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

1960-களில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் உருவான, வெளிச்சத்தையும் வெளியையும் நாம் எப்படி உணர்கிறோம் என்பதையே கலையாக்கிய ‘லைட் அண்ட் ஸ்பேஸ்’ கலைஞர்களின் வேலைகளை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். படத்தில் பார்த்தது வேண்டாம், அங்கே போய் நின்றபோது என்ன ஆனது என்பதுதான் வேண்டும். நானே தொடங்கிவிடுகிறேன்.

நான் இருப்பது ஹூஸ்டனில். ரைஸ் பல்கலைக்கழக வளாகத்தில், அந்தக் கலைஞர்களில் ஒருவரான ஜேம்ஸ் டரெல் செய்த ‘ட்வைலைட் எபிஃபனி’ இருக்கிறது, 2012-ல் திறந்தது. புல் வளர்ந்த ஒரு மேடு, அதன்மேல் 72 அடிச் சதுரத்தில் மெல்லிய வெள்ளைக் கூரை, கூரைக்கு நடுவே 14 அடிச் சதுரத்தில் ஒரு திறப்பு. அவ்வளவுதான். முதல் தடவை விருந்தாளிகளோடு மத்தியானத்தில் போனேன், அண்ணாந்து பார்த்தோம், நாலு போட்டோ எடுத்தோம், வந்துவிட்டோம். ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த தடவை தனியாக, சூரியன் மறையும் நேரத்தில் போனேன். அந்த நேரத்தில் கூரையின் அடிப்பக்கம் முழுக்க எல்.இ.டி. நிறங்கள் மெதுவாக மாறிக்கொண்டே வரும், நாற்பது நிமிஷம் போல. கூரை ஆரஞ்சாக இருந்தபோது திறப்பில் தெரிந்த வானம் ஒரு பச்சை கலந்த நீலத்துக்குப் போனது, மயில் கழுத்து நிறம் என்பார்களே, அது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, எழுந்து வெளியே வந்து பார்த்தேன். வெளியே வெளுத்துப்போன சாதாரண சாயங்கால வானம். திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தால் மறுபடி மயில் கழுத்து. ஒரே வானம்தான், ஒரே நிமிஷம்தான். மூன்று முறை இப்படி எழுந்து போய் வந்தேன்.

நிறத்தைக் கண் தனியாக எடுத்துக்கொள்வதில்லை, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதோடு ஒப்பிட்டுத்தான் எடுத்துக்கொள்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். படித்தது வேறு, இது வேறு. இன்னொன்று, திறப்பின் விளிம்பைக் கத்தி முனை மாதிரி மெலிதாகச் சீவி வைத்திருக்கிறார்கள். கூரையின் கனம் கண்ணுக்குத் தெரியாததால் வானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல எந்தப் பிடியும் கிடைப்பதில்லை, இழுத்துக் கட்டிய துணி மாதிரி கூரையிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒரு பறவை குறுக்கே பறந்தது, அந்த ஒரு நொடி துணி கிழிந்து ஆழம் வந்தது, அப்புறம் மூடிக்கொண்டது.

டரெல் 1965-ல் போமோனா கல்லூரியில் பட்டம் வாங்கியது ஓவியத்தில் அல்ல, புலனுணர்வு உளவியலில். அடுத்த வருடம் சாண்டா மோனிகாவில் மென்டோட்டா என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, ஜன்னல்களை அடைத்து, வெளியே போகும் கார் வெளிச்சத்தையும் சிக்னல் வெளிச்சத்தையும் சின்னத் திறப்புகள் வழியாக உள்ளே விட்டு, அது சுவரில் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் பொறுமை எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

* * *

நான் சான் டியேகோ. இங்கே லா ஹோயாவில் கடலோரம் இருக்கும் தற்காலக் கலை மியூசியத்தில், அதே கலைஞர்களில் இன்னொருவரான ராபர்ட் இர்வினுடைய ‘1° 2° 3° 4°’ இருக்கிறது, 1997-ல் செய்தது. கடலைப் பார்த்த ஒரு அறை, சாயம் ஏற்றிய கண்ணாடி ஜன்னல்கள். இர்வின் அந்தக் கண்ணாடியில் மூன்று நீள்சதுரத் துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டார். வேறு எதையும் வைக்கவில்லை.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப் போனேன். அம்மாவுக்கு மியூசியத்தில் விருப்பம் கிடையாது, கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அறைக்குள் வந்ததும், “எங்கிருந்துடா காத்து வருது?” என்று கேட்டார். கண்ணுக்கு முன்னால் தோலுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் நடு ஓட்டை முன்னால் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடி வழியாகத் தெரியும் கடல் மங்கல், கொஞ்சம் பழுப்பு. வெட்டிய இடத்தில் மட்டும் அதே அலை, அதே அடிவானக் கோடு, ஆனால் ஈரம் காயாத மாதிரி பளிச்சென்று. உப்பு வாசமும் அலைச் சத்தமும் அந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது. “இங்க மட்டும் கடல் கிட்ட வந்துடுச்சு” என்றார் அம்மா. நான் இந்தப் படைப்பைப் பற்றிக் கட்டுரையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன், ஒன்றிலும் இதைவிடச் சரியாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

மேலே எழுதியவர் படத்தில் பார்த்தது வேண்டாம் என்றது சரிதான். இர்வின் பல வருடம் தன் படைப்புகளைப் படம் எடுத்து வெளியிடவே விடவில்லை. அவருடைய 60-களின் வட்டத் தகடுகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வெள்ளையாக, லேசாகக் குவிந்த ஒரு வட்டம், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். நான்கு விளக்குகளின் வெளிச்சத்தில் பின்னால் நான்கு நிழல்கள் பூவிதழ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று விழும். பார்த்துக்கொண்டே நின்றால் தகடு எங்கே முடிகிறது, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். போட்டோவில் அது வெறும் வட்டம்தான்.

1968-69 வாக்கில் இர்வினும் டரெலும் எட் வோர்ட்ஸ் என்ற உளவியலாளரோடு சேர்ந்து, ஒலி எதிரொலிக்காத அறையில் இருட்டில் ஆட்களை உட்கார வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். வோர்ட்ஸ் விண்வெளித் திட்டங்களுக்காக வேலை பார்த்தவர். அறையை விட்டு வெளியே வந்ததும் உலகம் எப்படித் தெரிகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. இர்வின் 2023-ல் காலமானார். அந்த வாரம் திரும்பவும் போய் ஓட்டை முன்னால் நின்றுவிட்டு வந்தேன்.

* * *

வெளிச்சம் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள், நான் இருட்டு பற்றி எழுதுகிறேன். ஜப்பானில் நவோஷிமா தீவில் மினாமிதேரா என்று ஒரு கட்டடம். முன்பு கோவில் இருந்த இடம். கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ கட்டியது, வெளிச்சுவர் முழுக்கக் கரித்த மரப்பலகை. உள்ளே இருப்பது டரெலின் ‘பேக்சைட் ஆஃப் தி மூன்’, 1999.

சின்னக் குழுவாக உள்ளே விடுவார்கள். சுவரில் கை வைத்துத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும், பெஞ்சில் உட்கார வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தேன், இல்லை. கொஞ்சம் பயமாகவே இருந்தது, பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டதால் தெம்பாக இருந்தது. நிமிஷங்கள் போகப் போக எதிரே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, முதலில் கண்ணின் பிரமை என்றுதான் நினைத்தேன். அது நீள்சதுரமாகத் திரண்டது. எழுந்து நடந்து போய்த் தொடப் போனால் தொடுவதற்கு எதுவும் இல்லை, கை உள்ளே போகிறது.

அந்த வெளிச்சம் நாங்கள் நுழைந்தபோதே அதே அளவில்தான் இருந்திருக்கிறது. யாரும் எதையும் கூட்டவில்லை. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் வரைக்கும் ஆகும், அதற்குள் பார்வையே வேறு செல்களிடம் கைமாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை வெளியிலிருந்து யாரோ சொல்லிக் கேட்காமல் உள்ளேயிருந்து நானே உணர்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஒரு ஆதங்கம். வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு வெளிச்ச அறைக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன், உள்ளே நாலே நிமிஷத்தில் அடுத்த குழு, அடுத்த குழு என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். கண் பழகுவதற்கே நேரம் தராவிட்டால் அந்தப் படைப்பைக் காட்டவே இல்லை என்றுதான் அர்த்தம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

* * *

இதுவரை வந்த பேர் எல்லாம் ஆண்கள். மேரி கோர்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஹெலன் பாஷ்கியனையும். இருவரும் 60-களிலேயே வேலையைத் தொடங்கியவர்கள். கோர்ஸ் பிறந்தது 1945-ல், அவருடைய முழு வேலையையும் ஒரு மியூசியம் முதன்முறையாகத் தொகுத்துக் காட்டியது 2018-ல், நியூயார்க்கின் விட்னியில். எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1968-ல் மாலிபுவில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது, சாய்ந்த வெயிலில் சாலைக் கோடுகள் மின்னுவதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பெயின்டில் நுண்ணிய கண்ணாடி மணிகள் கலந்திருக்கும், வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். அதே மணிகளைத் தன் வெள்ளை ஓவியங்களில் போட ஆரம்பித்தார்.

நான் ஒன்றின் முன்னால் நின்றபோது வெறும் வெள்ளைக் கேன்வாஸ். ரெண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தேன், நடுவில் ஒரு பட்டை வெள்ளியாக எழுந்தது. இன்னும் ஒரு அடி, பட்டை சாம்பலாகி அடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற என் மகளிடம், “பட்டை தெரியுதா?” என்றேன். “எந்தப் பட்டை?” என்றாள். இடம் மாறி நின்றோம். இப்போது அவளுக்குத் தெரிந்தது, எனக்கு இல்லை. ஒரே ஓவியத்தை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி பார்க்கவே முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் ஹைவேயில் ஹெட்லைட் பட்டுக் கோடுகள் எழுந்து எழுந்து வர, அவள் ஜன்னலோரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

* * *

தொடங்கியவன்தான் மறுபடி எழுதுகிறேன். நவோஷிமா அனுபவத்தைப் படித்துவிட்டு இன்று விடியுமுன் ரைஸுக்குப் போனேன், இந்தத் தடவை எழுந்து எழுந்து வெளியே போகாமல் ஒரே இடத்தில் உட்காருவது என்று. என்னைத் தவிர ரெண்டே பேர். திறப்பு முதலில் மை கொட்டிய மாதிரி கருப்பு. கூரையில் நிறங்கள் மாற மாற அந்தக் கருப்பு ஊதாவாகி, நீலமாகி, ஒரு கட்டத்தில் விளக்குகளின் வேலை முடிந்துபோய், கூரை வெறும் வெள்ளையாகவும் வானம் வெறும் வானமாகவும் ஆனது. நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று மூன்று பேருக்கும் தெரியும். யாரும் எழவில்லை.