தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கான கையேடு: உங்கள் உதவி வேண்டும்

தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களின் சோர்வு பற்றி ஒரு பக்கக் கையேடு தயாரிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது வேலையிடத்தோடு நிறுத்திக்கொண்டது. இவர்களுக்கோ அடுத்த ஷிஃப்ட் வீட்டு வாசலில் தொடங்குகிறது: துவைக்காத சீருடை, கழுவாத டிபன் பாக்ஸ், நள்ளிரவுக் காய்ச்சல். முதலில் பறிபோவது தூக்கம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். 5-க்கு இறங்கினால் எரிச்சல் பிள்ளைமேல்தான் விழும்.

வாரக் கடைசியில் வேலைகளைத் தாளில் எழுதி, இரண்டை விட்டுவிடவும் ஒன்றைப் பிறரிடம் ஒப்படைக்கவும் சொல்கிறோம். ஒப்படைப்பதில்தான் சிக்கல். யாராவது “உதவி வேணுமா?” என்றால் “பரவாயில்லை, பார்த்துக்கிறேன்” என்றுதான் பதில் வரும். “செவ்வாய் 4 மணிக்குப் பிள்ளையை நான் கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டால் மறுப்பது கடினம்.

இப்படி நாளும் நேரமும் வைத்து, உங்களிடம் பலித்த கேள்விகளை அனுப்புங்கள். இரவுப் பணிக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள். அந்தப் பகுதி இன்னும் காலியாக இருக்கிறது.