தெரித்திப் சுரண்டினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

செம்பனை லயம்:
நான் மலேசியாவுல பாகான் டத்தோ பக்கம் தோட்டத்து லயத்துல (வரிசை வீடு) வளர்ந்தவன். ஞாயித்துக்கிழமைன்னா மாமாவோட ஃபைபர் படகுல தூண்டில் போடப் போவோம். போன வருசம் படகைக் கரையேத்தி அடியில இருந்த தெரித்திப்பைச் சுரண்டினேன். படகு, பாறையில ஓடோட ஒட்டிக்கிற சின்னக் கடல் உயிரி அது, தமிழ்நாட்டுல கொட்டலசுன்னு சொல்வாங்களாம். அரைநாள் வேலை, கையெல்லாம் கீறல். மேல் ஓடு போச்சு, அடியில ஒட்டின வெள்ளை வட்டம் மட்டும் அசையல. செத்ததுதானேன்னு விட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா, வழிச்செடுத்த இடத்துல அங்கொண்ணு இங்கொண்ணு. வெள்ளை வட்டம் இருந்த பக்கம் கொத்துக் கொத்தா! மாமா சொல்றாரு, “சொந்தக்காரன் இருக்கிற லயத்துக்குத்தான்டா ஆள் குடி வருவான்.”

ஓய்வு வாத்தியார்:
மாமா சொன்னது விஞ்ஞானம் தம்பி. கழன்றுபோன தெரித்திப்பின் அடித்தட்டு மிச்சமிருந்தாலே குஞ்சுகள் தேடி வந்து உட்காரும் என்று நைட்-ஜோன்ஸ் என்ற கடல் உயிரியலாளர் 1953-லேயே எழுதிவிட்டார். கடைசிப் பருவத்துக் குஞ்சுக்கு சிப்ரிட் என்று பெயர். அது எதுவும் தின்னாது. உடம்பில் சேர்த்த கொழுப்பு தீர்வதற்குள் இடம் பிடிக்க வேண்டும். முன்னால் உள்ள இரண்டு உணர்கொம்புகளால் அடி வைத்து நடந்து, தொட்டுத் தொட்டுப் பார்க்கும். பெரிய தெரித்திப்பின் மேல்தோலில் உள்ள ஒரு கிளைக்கோபுரதம் (சர்க்கரை சேர்ந்த புரதம்) தட்டுப்பட்டால், ‘இங்கே நம்மாள் பிழைத்திருக்கிறான்’ என்று அதற்குப் புரிந்துவிடும். சிப்ரிட் நடந்த தடத்திலும் அதே புரதம் ஒட்டியிருக்கும், அதனால் பின்னால் வருகிறவனுக்கும் துப்பு கிடைக்கும். பசை கக்கி ஒட்டிவிட்டால் அப்புறம் இடம் மாற முடியாது. அதனால்தான் இவ்வளவு யோசனை.

சிப்பிக்காரி:
சிப்பிக் குஞ்சும் இப்படி இடம் பார்த்துத்தான் ஒட்டும். நான் அதை வளர்க்கிற இடத்துல கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். புதுப் பிளாஸ்டிக் தட்டை அப்படியே இறக்கினா ஒண்ணும் சரியா ஒட்டாது. கடல்தண்ணியில ஊறவச்சு பாக்டீரியா படிஞ்சு வழவழன்னு ஆனாத்தான் வந்து உட்காரும். நான் வாய் பொளந்தது வேற விசயத்துக்கு. பயந்தா நம்ம உடம்புல சுரக்குமே எபிநெஃப்ரின், அதைத் தண்ணியில கலந்தா குஞ்சு எதுலயும் ஒட்டாமலே சிப்பியா உருமாறிடும்! ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத தனிச் சிப்பி வேணும்னா இப்படி ஒரு வழி.

செம்பனை லயம்:
அப்போ இந்தத் தடவை வெள்ளை வட்டத்தை உளி வச்சு எடுத்துடறேன் சார்.

சிப்பிக்காரி:
உளி வேணாம்லா தம்பி, ஃபைபர் பிஞ்சிடும். அது சுண்ணாம்பு. வினிகர் துணியைப் போட்டு ஊறவிட்டுச் சுரண்டு.

செம்பனை லயம்:
ரெண்டு போத்தல் வாங்கி வச்சிருக்கேன் அக்கா. அச்சார் போடப் போறியான்னு மாமா கேக்கறாரு.