ஸ்பானிய மொழியினரும் ஆங்கில மோடல் வினைகளும்: கற்பித்தவர்கள், உடன் பணிபுரிந்தவர்கள் அனுபவப் பகிர்வு

மாட்ரிட்டிலிருந்து ஓர் ஆசிரியை

மாட்ரிட் நகரில் பெரியவர்களுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்புக்கு வருவோரில் பெரும்பாலோர் வேலைக்காகவோ கேம்பிரிட்ஜ் தேர்வுக்காகவோ படிப்பவர்கள். பள்ளியிலேயே ஆங்கில இலக்கணத்தை முறையாகப் பயின்றவர்கள். மோடல் வினைகள் எனப்படும் கேன், மஸ்ட் போன்ற துணைவினைகளுக்கு ஸ்பானியச் சொற்கள் எவை, அதாவது கேன் என்றால் போதேர், மஸ்ட் என்றால் தெபேர், ஹேவ் டு என்றால் தெனேர் கே என்ற பட்டியல் அவர்களுக்கு மனப்பாடம். பட்டியலை அறிந்தவர்கள் பேசும்போது எங்கே இடறுகிறார்கள் என்று தொடர்ந்து கவனித்ததில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஸ்பானிய வாக்கியத்தில் போதேர், தெபேர் வரும் இடங்களைவிட, அவை எதுவும் வராமல் வெறும் நிகழ்கால வினை மட்டும் நிற்கும் இடங்களில்தான் அவர்களுடைய ஆங்கிலம் அதிகம் பிசகுகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை என்பதால்தான் இதை எழுத முன்வந்தேன்.

தொடக்க நிலையினர் செய்யும் பிழைகள் வேறு வகை. ‘ஹி கேன்ஸ்’ என்று எஸ் சேர்ப்பது, ‘ஐ மஸ்ட் டு கோ’ என்று டு சேர்ப்பது, ‘டு யூ கேன் ஸ்விம்?’ என்று கேட்பது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. சில வாரப் பயிற்சியில் மறைந்துவிடும். ஸ்பானியத்தில் போதேர் மற்ற வினைகளைப் போலவே ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப விகுதி பெறும் முழு வினை. ஆங்கிலக் கேன், மே, ஷல் ஆகியவையோ, பழைய ஜெர்மானிய மொழிகளில் இறந்தகால வடிவமே நிகழ்காலப் பொருளில் நிலைத்துவிட்ட வினைகளின் வழிவந்தவை. அவற்றுக்கு எஸ் விகுதி இல்லாமல் போனதன் காரணம் அதுவே. இந்த வரலாற்றைச் சொன்னால், காரணம் தெரியாமல் விதியை ஏற்க மறுக்கும் மாணவர்களும் அமைதியடைகிறார்கள்.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. புழுக்கமான ஒரு மாலையில், தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, ‘ஐ ஓப்பன் த விண்டோ?’ என்று கேட்டார். ஸ்பானியத்தில் ‘அப்ரோ லா பென்தானா?’ என்பது முற்றிலும் சரியான, பணிவான கேள்வி; ‘திறக்கிறேன்’ என்னும் நிகழ்கால வினையைக் கேள்வித் தொனியில் சொன்னால் போதும். ஆங்கிலத்திலோ ‘ஷல் ஐ ஓப்பன் த விண்டோ?’ என்று கேட்க வேண்டும். தமிழில் இதை நாம் ‘திறக்கட்டுமா?’ என்கிறோம். நம்முடைய ‘அட்டுமா’ ஏறக்குறைய ஷல் ஐ செய்யும் வேலையைச் செய்வதால், தமிழர் ஒருவருக்கு அந்த ஆங்கில வடிவம் ஏன் தேவை என்று விளக்க வேண்டியதே இல்லை. ஸ்பானியருக்கு அந்தத் தேவையை முதலில் உணர்த்த வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவருடைய வாக்கியத்தில் குறை எதுவும் அவர் காதுக்குத் தென்படுவதில்லை.

உதவ முன்வரும்போதும் இதுவே நடக்கிறது. தொலைபேசி ஒலித்தால் ஸ்பெயினில் ‘யோ லோ கோஹோ’ என்பார்கள். நாமும் ‘இருங்கள், நான் எடுக்கிறேன்’ என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதே கணத்தில் எடுத்த முடிவுக்கு ‘ஐல் கெட் இட்’ என்று வில் வேண்டும். ‘தே அயூதோ’ என்பதை அப்படியே ‘ஐ ஹெல்ப் யூ’ என்று சொல்பவரின் கருத்து ஆங்கிலேயருக்குப் புரிந்துவிடும். ஆனால் அது அப்போதே முன்வந்து சொன்னதாக அல்லாமல், வழக்கமாக நடப்பதைத் தெரிவிப்பதுபோல் அவர் காதில் விழும்.

வேண்டுகோள்களில் விளைவு இன்னும் கூர்மையானது. ‘மே பாசஸ் லா சால்?’ என்று உப்பைக் கேட்பது மாட்ரிட் சாப்பாட்டு மேசையில் இயல்பான மரியாதை. ‘யூ பாஸ் மீ த சால்ட்?’ என்று லண்டனில் கேட்டால் அதே மனிதர் முரட்டுத்தனமானவராகத் தோன்றிவிடுகிறார். அவரிடம் பணிவு இல்லை என்பது பொய். பணிவை ஸ்பானியம் வைத்திருக்கும் இடம் வேறு. தொனியிலும், தூ (நீ), உஸ்தேத் (நீங்கள்) என்னும் முன்னிலைத் தேர்விலும், வினை விகுதியிலும் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு யூ ஒன்றே மிஞ்சியிருப்பதால், மரியாதையின் சுமையில் பெரும்பகுதி குட், வுட் ஆகிய வினைகளின்மேல் விழுந்திருக்கிறது.

இதற்கு ஸ்பானியத்திலேயே ஒரு சாவி கிடைக்கிறது. கடையில் ‘கியேரோ உன் கஃபே’ (ஒரு காபி வேண்டும்) என்று நிகழ்காலத்தில் கேட்பதைவிட, ‘கெரீயா உன் கஃபே’ என்று இறந்தகால வடிவத்தில் கேட்பது மென்மையானது என்பதை எந்த ஸ்பானியரும் ஒத்துக்கொள்வார். அங்கே கெரீயா இறந்தகாலப் பொருளைத் தருவதில்லை; சொல்பவருக்கும் விருப்பத்துக்கும் நடுவே சற்று இடைவெளி விடுகிறது. கேன் என்பது குட் ஆவதும், வில் என்பது வுட் ஆவதும் இதே உத்திதான் என்று கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டிய பிறகு, ‘குட் என்பது கேன் என்பதன் இறந்தகாலம்தானே, நாளைய காரியத்துக்கு அது எப்படி வரும்?’ என்ற கேள்வி என் வகுப்பில் எழுவதில்லை.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லி நிறுத்துகிறேன். காணொலி அழைப்பில் ஸ்பானியர் ‘மே ஓயெஸ்?’ என்பார்; நாம் ‘கேட்கிறதா?’ என்போம், ஆங்கிலம் மட்டும் ‘கேன் யூ ஹியர் மீ?’ என்று, காண்பதற்கும் கேட்பதற்கும் கேன் சேர்த்துக்கொள்கிறது. கற்றுக்கொண்ட திறனுக்கு ஸ்பானியர் போதேர் சொல்வதில்லை, ‘சாபெஸ் நதார்?’ என்று சபேர் என்னும் அறிதல் வினையால் கேட்பார். ‘நீந்தத் தெரியுமா?’ என்பது நம் வழக்கம். அங்கேயும் ஆங்கிலத்துக்கு வேண்டியது கேன். இத்தகைய இடங்களில் தமிழும் ஸ்பானியமும் ஒரே கரையில் நிற்பதால், மாணவர் எங்கிருந்து வருகிறார் என்பதைத் தமிழ் பேசும் ஆசிரியரால் எளிதில் காண முடிகிறது. இந்த அனுகூலத்தை நம்மில் பலர் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்பது என் ஆதங்கம்.

மென்பொருள் துறையிலிருந்து ஓர் அனுபவம்

மாட்ரிட் அம்மையார் எழுதியது பேச்சு மொழியைப் பற்றியது. என் அனுபவம் எழுத்தில் நிகழ்ந்தது. அங்கே போதேர், தெபேர் இரண்டும் நேரடியாகவே தொல்லை தருகின்றன என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரிலுள்ள ஒரு குழுவோடு சேர்ந்து தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் பணி எனக்கு. இணைய நெறிமுறைகளை எழுதுவோர் இத்தகைய சொற்களின் பொருளை வரையறுத்து 1997ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தைப் பின்பற்றுவது வழக்கம். மஸ்ட் என்றால் விலக்கில்லாத கட்டாயம். ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்து, விளைவுகளை எடைபோட்ட பிறகு விலகலாம். மே என்றால் உண்மையிலேயே விருப்பத்துக்கு விடப்பட்டது. அன்றாடப் பேச்சில் மங்கலாக இருக்கும் எல்லைகளை அந்த ஆவணம் கோடு போட்டுப் பிரித்துவிடுகிறது.

குவாதலஹாரா நண்பர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு தலைப்புத் தகவலை (ஹெடர்) செயலி அனுப்பத் தேவையில்லை என்ற கருத்தில் ‘மஸ்ட் நாட்’ என்று எழுதியிருந்தார். சோதனைக் குழு அதைத் தடை என்று எடுத்துக்கொண்டு, அந்தத் தகவல் வந்தால் பிழை காட்டும்படி சோதனைகளை எழுதிவிட்டது. அவர் மனத்தில் இருந்தது ‘நோ தியேனே கே’. தெனேர் கே கட்டாயத்தைக் குறிப்பதால், அதன் எதிர்மறையையும் மஸ்ட் என்பதன் எதிர்மறையாலேயே எழுதிவிட்டார். ஸ்பானியப் பேச்சிலும் இந்த எல்லை சில வேளைகளில் நெகிழும். ஒருவரைக் கண்டிக்கும் தொனியில் ‘நோ தியேனெஸ் கே ஆப்லார்லே அசீ’ என்றால் ‘அவரிடம் அப்படிப் பேசக் கூடாது’ என்றே பொருள்படும். தமிழில் ‘அனுப்ப வேண்டியதில்லை’, ‘அனுப்பக் கூடாது’ என்ற இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. ஆகவே இந்தப் பிழை எங்கள் பக்கத்தில் யாருக்கும் முதலில் தோன்றவில்லை.

மே, கேன் இரண்டின் சிக்கல் இன்னும் ஆழமானது. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பை இரு மொழிகளிலும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஆங்கிலத்தில் ஷல் கட்டாயம், ஷுட் பரிந்துரை, மே அனுமதி, கேன் இயல்திறன் அல்லது சாத்தியம் என்று நான்கு சொற்கள். ஸ்பானியப் பதிப்பில் தேபே, தெபெரீயா, புவேதே என்று மூன்றே. அனுமதியும் திறனும் சாத்தியமும் சேர்ந்து புவேதே என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. எனவே ‘த சர்வர் கேன் ரிஜெக்ட் த ரிக்வெஸ்ட்’ என்று குவாதலஹாராவிலிருந்து வரும்போது, வழங்கிக்கு மறுக்கும் உரிமை உண்டு என்கிறாரா, மறுக்கும் வசதி அதில் இருக்கிறது என்கிறாரா, சில வேளை மறுத்துவிடக்கூடும் என்று எச்சரிக்கிறாரா என்பதை நான் கேட்டுத் தெளிந்தே கையெழுத்திடுகிறேன். அந்தக் கேள்வியை ஸ்பானியத்தில் புவேதே என்ற சொல்லை வைத்தே கேட்டால் பயன் குறைவு. ‘நோ எஸ்தா ஒப்லிகாதோ, பேரோ தியேனே பெர்மீசோ?’ என்று அனுமதி என்ற பெயர்ச்சொல்லை வைத்துக் கேட்டால் உடனே தெளிவாகிறது.

ஹூஸ்டனிலிருந்து ஒரு தன்னார்வலர்

எங்கள் பகுதி நூலகத்தில் ஹோண்டுராஸ், எல் சால்வதோர் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மோடல் வினைகளைப் பற்றிய பேச்சில் ஒலியை விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதைச் சேர்க்கிறேன்.

முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், சனிக்கிழமை வேலைக்கு வர முடியும் என்று மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் சொன்னார். ‘ஐ கேன் ஒர்க் சாட்டர்டே’ என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. மறுமுனையில் அது ‘கேன்ட்’ என்று கேட்டது. அன்றைய வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. ஒரு நாள் கூலி அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை நான் அறிவேன்.

காரணம் இது. ஸ்பானியத்தில் அசைகள் ஏறத்தாழச் சம நேரம் ஒலிக்கின்றன. அழுத்தம் இல்லாத உயிரெழுத்தும் தன் முழு ஒலியோடு நிற்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவே வரும் கேன் தேய்ந்து ‘க்ன்’ ஆகிவிடுகிறது. அழுத்தம் முழுவதும் ஒர்க் மீது விழுகிறது. கேன்ட் மட்டும் முழு உயிரொலியோடு அழுத்தம் பெறுகிறது. அமெரிக்கப் பேச்சில் அதன் இறுதி டகரம் பெரும்பாலும் விழுங்கப்படுகிறது. ஆகவே அமெரிக்கக் காது டகரத்தைத் தேடுவதில்லை, எடையைத் தேடுகிறது. கேன் என்பதை முழுதாக, தெளிவாக, பொறுப்போடு உச்சரிப்பவர்தான் ‘முடியாது’ என்று சொன்னவராகிவிடுகிறார். ‘ஒர்க்’ என்னும்போது மட்டும் மேசையைத் தட்டச் சொல்லிப் பழக்குகிறேன். ‘யெஸ், ஐ கேன்’ என்று வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் முழு ஒலி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வேலை, மருத்துவச் சந்திப்பு போன்றவற்றில் ‘ஐ ஆம் ஃப்ரீ ஆன் சாட்டர்டே’ என்று கேன் இல்லாமலே சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

குட், ஷுட், வுட் ஆகியவற்றில் எழுதப்பட்ட லகரத்தை ஒலிப்பதும் அடிக்கடி காணும் பிழை. அந்த லகரத்துக்கு வுட், ஷுட் இரண்டிலும் வில், ஷல் என்ற மூலங்களிலிருந்து வந்த உரிமை உண்டு. குட் என்பதற்கு அதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது லகரம் இல்லாத சொல், மற்ற இரண்டைப் பார்த்துப் பிற்காலத்தில் எழுத்தில் நுழைக்கப்பட்டது. இதைக் கேட்டதும் வகுப்பில் எல்லாரும் அந்த எழுத்தை மகிழ்ச்சியோடு கைவிட்டார்கள்.

சென்னையிலிருந்து ஒரு கேள்வி

கொலம்பியத் தலைநகர் பொகோதாவிலுள்ள வாடிக்கையாளர் ஒருவரோடு நேற்றுப் பேசினேன். கூட்டத்துக்கு வராத தம் சகப் பணியாளரைப் பற்றி ‘ஹி வில் பி சிக்’ என்றார். வருங்காலத்தில் நோய்வாய்ப்படுவார் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர் சொல்ல வந்தது என்ன?

மாட்ரிட் ஆசிரியையின் மறுமொழி

தம்பி, அவர் சொல்ல வந்தது ‘உடம்பு சரியில்லாமல் இருக்கும்’ என்பது. ‘எஸ்தாரா எந்ஃபேர்மோ’ என்று ஸ்பானியத்தில் எதிர்கால வடிவம் இன்றைய ஊகத்தைக் குறிக்கும். நாமும் ‘இந்நேரம் வீட்டில் இருப்பார்’ என்று எதிர்கால வினையாலேயே ஊகிக்கிறோம். கதவு தட்டப்படும்போது ‘செரா எல் கார்தேரோ’ என்பதற்கு ‘தட் வில் பி த போஸ்ட்மேன்’ என்று ஆங்கிலத்திலும் வில் வருவதுண்டு. ஆனால் எதிர்பார்த்த ஒன்றை உறுதியாகச் சொல்லும் அத்தகைய இடங்களோடு அந்த வழக்கு நின்றுவிடுகிறது. காரணம் தெரியாத ஊகத்துக்கு ஆங்கிலம் அளவு கேட்கிறது: அநேகமாக உறுதி என்றால் மஸ்ட் பி, இருக்கலாம் என்றால் மைட் பி, இருக்கவே முடியாது என்றால் கான்ட் பி. ஸ்பானிய எதிர்கால வடிவம் இந்த அளவைச் சொல்லாமலே விட அனுமதிப்பதால், என் மாணவர்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தயங்கி, ‘மேபி’ என்று தொடங்கி வெறும் நிகழ்காலத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இங்கே ஸ்பானிய இலக்கணம் ஓர் உதவியும் செய்கிறது. தெபேர் கடமைக்கும், தெபேர் தே ஊகத்துக்கும் உரியவை என்பது ஸ்பானிய மொழி நெறிகளை வகுக்கும் ஸ்பானிய அரச கழகத்தின் விளக்கம். தே இல்லாமலும் ஊகத்தைச் சொல்லலாம் என்று அது ஏற்கிறது, ஆனால் கடமைக்குத் தே சேர்ப்பதை ஏற்பதில்லை. மஸ்ட் என்பதற்கு இந்த இரண்டு பொருளும் உண்டு என்பதை இதை வைத்தே காட்டிவிடலாம். எதிர்மறையில் மட்டும் கவனம் வேண்டும். ‘நோ தேபே தே எஸ்தார் என் காசா’ (வீட்டில் இருக்க மாட்டார் என்ற ஊகம்) என்பதை ‘மஸ்ட்ன்ட் பி அட் ஹோம்’ என்று பெயர்த்தால், வீட்டில் இருக்கத் தடை என்றே பலர் புரிந்துகொள்வார்கள்; வேண்டியது கான்ட்.

நடந்து முடிந்ததை ஊகிக்க ‘ஆப்ரா சலீதோ’ என்பது ‘மஸ்ட் ஹேவ் கான் அவுட்’ ஆகும். இந்த வடிவத்தை அவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். சற்றுக் கடினமானது போதேர் வினையின் இறந்தகால வடிவங்களான பூதே, போதீயா இரண்டின் வேறுபாடு. சிறு வயதில் மரம் ஏற முடிந்தது என்ற பொதுத் திறனுக்குப் போதீயா; அதற்குக் குட் பொருந்தும். நேற்றுக் கடைசிப் பேருந்தைப் பிடித்துவிட முடிந்தது என்ற ஒற்றை நிகழ்வுக்குப் பூதே. அதற்கு வாஸ் ஏபிள் டு அல்லது மேனேஜ்ட் டு வேண்டும். பிடிக்க முடியவில்லை என்றால் ‘நோ பூதே’ என்பதற்குக் குடன்ட் தாராளமாக வரும். உங்கள் பொகோதா நண்பரிடம் ‘பூதேவா, போதீயாவா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கான விடையை அவரே தருவார்.