அண்ணனின் கணக்குக் கொப்பி

டிக்கோயா, ஆசிரியை

நாற்பத்தைந்து வயதுக்குள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், என் அண்ணன்.

கொழும்பில் கணக்காளராக இருக்கிறார். பதினொரு வருடமாக ஒரு கொப்பி வைத்திருக்கிறார். ஐந்து ரூபா செலவானாலும் அதில் ஏறும். சம்பளத்தில் பாதிக்கு மேல் வங்கிக்குப் போகும். ஒரு வருடச் செலவைப்போல 25 மடங்கு சேர்ந்துவிட்டால், அதிலிருந்து வருடத்துக்கு 4 வீதம் எடுத்துக் காலம் தள்ளலாம் என்பார். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் போட்ட கணக்காம். அண்ணனுக்கு அது மனப்பாடம்.

அவரைக் கஞ்சன் என்று ஊரில் சொன்னபோதெல்லாம் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். தீபாவளிக்கு இரவு ரயிலில், மூன்றாம் வகுப்பில், நின்றுகொண்டே ஹட்டன் வந்து இறங்குவார். மூன்றே சட்டை. நிற்பது அவர் கால், நைவது அவர் சட்டை, யாருக்கு என்ன நட்டம்? அதோடு, யாரிடமும் கைகட்டி நிற்கக்கூடாது என்ற வைராக்கியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தினால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடுப்பில் கட்டிய படங்கு மழையில் ஊறிக் கனக்க, வெறுங்கூடையோடு அம்மா ஏறி வருவதை நாங்கள் இருவரும் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், நின்று பார்த்திருக்கிறோம்.

அம்மா 50 வயதில், ஓய்வுக்கென்று சேர்கிற சேமலாப நிதியை எடுத்தார் (பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55). அவர் சம்பளத்தில் வெட்டிய 8 வீதம், தோட்டம் போட்ட 12 வீதம், முப்பத்தொரு வருட உழைப்பு. அதில் தனக்கென்று அவர் வாங்கியது ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். மிச்சம் கூரைத் தகரத்துக்கும் அண்ணனின் பரீட்சைக் கட்டணத்துக்கும் என் படிப்புக்கும் போனது.

போன வருடம் அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தனியாரில் உடனே செய்யலாம். பாதிக் காசு நான் போடுகிறேன் என்றேன். அண்ணன் கொப்பியைப் புரட்டிவிட்டு, "சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குத் தங்கச்சி காசு? முறை வரட்டும்" என்றார். காசில்லாதவர்கள் எல்லோரும் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். எங்களிடம் காசு இருந்தது.

எட்டு மாதம் போனது. அம்மா அரிசியைச் சுளகில் கொட்டி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனியால் தடவித் தடவிக் கல் பொறுக்குவார். கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல். அதற்கு எது கல், எது குறுநொய் என்று பிடிபடாது. ஒருநாள் சோற்றில் கல் கடிபட்டது. சத்தம் காட்டாமல் விழுங்கினேன். அம்மா கண்டுகொண்டார். "நல்லாத்தானே பொறுக்கினேன் பிள்ளை" என்றார். அன்றிலிருந்து அண்ணனின் சிக்கனத்துக்காக நான் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை.

அவர் கெட்டவர் இல்லை. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புவார், ஒரு மாதம் தவறியதில்லை. ஆனாலும் அந்த எட்டு மாதத்தை அவர் அம்மாவின் கணக்கில் எழுதிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பண்டாரவளையிலிருந்து

டீச்சர், படித்துவிட்டு மனம் கனத்துப் போனது. நான் 47 வயதில் வேலையை விட்டவன். கொழும்பில் புடைவைக் கடையில் இருபத்தாறு வருடம். காலையில் பாணும் பிளேன்டீயும், இரவு கடை மாடியிலேயே படுக்கை. என் மச்சானே சபையில் வைத்து என்னைக் கருமி என்றிருக்கிறார்.

எங்கள் அப்பா தீபாவளி முற்பணம் வாங்குவார். அது சம்பளத்தில் வெட்டுப்பட்டுத் தீர்வதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். இடையில் ஒரு சடங்கு வந்தால் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கக் காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போவார். அந்த ஈர்க்குச்சியைப் பார்த்து வளர்ந்தவன் கடனுக்குப் பயப்படாமல் எப்படி இருப்பான்?

உங்கள் அண்ணனுக்கு ஒன்று சொல்லுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. வங்கியில் இருந்த என் காசு கண் முன்னால் கரைந்தது. நல்லகாலம், அரை ஏக்கர் காணி வாங்கிப் போட்டிருந்தேன். போஞ்சியும் உருளைக்கிழங்கும்தான் கைகொடுத்தன. அந்த 4 வீதம் அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்ட கணக்கு, நம் ரூபாவுக்கு அப்படியே பொருந்தாது.

சேர்த்ததில் எனக்கு வெட்கமில்லை. ஒன்று மட்டும் நெஞ்சில் கிடக்கிறது. மகள் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கவில்லை. கேட்டால் அப்பா இல்லை என்பார் என்று கேட்காமலே நின்றுவிட்டாள். அவள் கல்யாணத்தின்போதுதான் யாரோ சொல்லித் தெரிந்தது.

மஸ்கெலியாவிலிருந்து

தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆனது, 2024இல் 1350. அதில் எதை மிச்சம் பிடித்து எப்போது ஓய்வு எடுப்பது? எங்கள் அம்மா சேமலாப நிதியை எடுத்த பிறகும் கைக்காசுக்கு, பறித்த கொழுந்துக்கு அன்றைக்கே கிடைக்கிற கூலிக்கு, போகிறார்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சீட்டுப் பிடிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். தேத்தண்ணிக்குள் சீனி போடமாட்டார். உள்ளங்கையில் துளி வைத்து, தொட்டுத் தொட்டுக் குடிப்பார். சவர்க்காரத்தை நூலால் மூன்றாக அறுத்து வைப்பார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், சீட்டில் தனக்கு விழுந்த முறையை எங்கள் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். அவரைக் கஞ்சம் என்று எங்கள் லயத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

டிக்கோயா, ஆசிரியை

பண்டாரவளை அண்ணே, அந்த ஈர்க்குச்சியை எங்கள் அம்மா காதிலும் பார்த்திருக்கிறேன். மகளிடம் அதைப் பற்றி ஒரு நாள் பேசிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. கண்கட்டு அவிழ்த்த கிழமை அண்ணன் வந்திருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கழுத்துப்பட்டி இப்படி நைஞ்சு கிடக்கே, கழட்டித் தாப்பா" என்றார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அம்மா தைத்து முடிக்கும்வரை அண்ணன் பனியனோடு இஸ்தோப்பில் போய் நின்றுகொண்டிருந்தார், அந்தக் குளிரில்.

அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்கு வருவார், பேசத்தான் போகிறேன்.