சுண்ணாம்புப் பூச்சில் தேங்காய் நார் கலந்தால் பழைய சுவர் பலமாகுமா?

குருசுக்குப்பம்_வீடு:
புதுச்சேரி குருசுக்குப்பத்துல, கடலுக்கு ரொம்பப் பக்கத்துல பழைய வீடு. ஒன்றரைச் செங்கல் கனச் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்து மேல செங்கல், சுண்ணாம்பு போட்ட தட்டைக் கூரை). நடுவுல யாரோ சிமென்ட் பூசியிருக்காங்க, இப்ப அது ஏடு ஏடா கழண்டு வருது, கீழே மூணடிக்கு உப்பு பூத்திருக்கு. கோழிவலை அடிச்சு, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல் (1:4) கலந்து பூசிடலாம்னு கொத்தனார் சொல்றார். சுண்ணாம்புல தேங்காய் நார் கலந்தா சுவரே பலமாகும்னு இன்னொருத்தர் சொல்றார். அளவு என்ன? மூலையில சாய்வா ஒரு விரிசல் இருக்கு, ரூபாய்க் காசு நுழையுது.

சாந்துக்கரண்டி:
முதலில் கோழிவலையை விடுங்க. உப்புக் காத்தில் அது துருப்பிடிச்சு ஊதும், பூச்சைத் தள்ளிவிடும். நார் துருப்பிடிக்காது. ஆனா நார் போட்டா சுவர் கூடுதல் பாரம் தாங்கும்னு நினைக்காதீங்க. பூச்சு காயும்போது சுருங்கி வெடிப்பதைக் குறைக்கும், வெடிச்சாலும் உதிராமல் பிடிச்சு வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

தேங்காய் நாரில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) 40 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் காரத்தில் மற்ற நாரைவிட மெதுவாகக் கெடுகிறது. ஈரமான சிமென்டில் காரத்தன்மை (pH அளவு) 12-க்கு மேலேயே நிற்கும். சுண்ணாம்பு காத்தை இழுத்து இறுகினதும் 9-க்குப் பக்கம் இறங்கிவிடும். ஆக, நாருக்குச் சுண்ணாம்புதான் சரியான துணை.

அளவு: ஒரு கன மீட்டர் சாந்துக்கு 4 முதல் 5 கிலோ. 100 சதுர அடிக்கு 12 மி.மீ. கனம் பூச ஏறக்குறைய அரைக் கிலோ நார் போதும். பார்த்தால் ரொம்பக் கொஞ்சமாத் தெரியும், கொத்தனார் இன்னொரு கை அள்ளிப் போடுவார், விடாதீங்க. கூடினா பந்து பந்தா சுருண்டு, அந்த இடம் பொள்ளலாகும்.

நாரை 20–25 மி.மீ. நீளத்துக்கு வெட்டணும். நார்த்தூளை உதறித் தள்ளிடுங்க, அது தண்ணியைக் குடிச்சுட்டு பிறகு சுருங்கும். உப்பங்கழியில் ஊறிய நாரா இருந்தா உப்பு இருக்கும். ராத்திரி நல்ல தண்ணியில் ஊறப்போட்டு, பழுப்புச் சாயம் குறையும்வரை மூணு நாலு தடவை தண்ணி மாத்துங்க. இல்லேன்னா வெள்ளைச் சுவரில் டீக்கறை மாதிரி இறங்கும். கலக்கும்போது நார் ஈரமா இருக்கணும், சொட்டக் கூடாது. காய்ஞ்ச நார் சாந்தோட தண்ணியை உறிஞ்சிடும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு 1, சலித்த ஆத்து மணல் 2. சாந்து குழைஞ்ச பிறகு, பூசப்போகிற அன்னைக்கு மட்டும், நாரைப் பிரிச்சுப் பிரிச்சுத் தூவுங்க. நார் கலந்த சாந்தை நாள்கணக்கில் ஈரமாக வைக்கக் கூடாது, காரத்திலேயே ஊறிக் கெடும்.

பழைய சிமென்ட் முழுக்க வெட்டி, செங்கல் சந்துகளை 12–15 மி.மீ. ஆழம் சுரண்டி, தண்ணி தெளிச்சுட்டு முதல் பூச்சு. அதைக் கீறி விடணும். மேல் பூச்சு 4–5 மி.மீ., அதில் நார் வேண்டாம், தேய்க்கும்போது முள்ளா நிக்கும். ஈரச் சாக்கு 10 நாளாவது போடுங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம், மழை ஈரத்தில் சுண்ணாம்பு இறுகாது.

மட்டக்கயிறு:
அந்தச் சாய்ந்த விரிசலை நார் மூடும், தீர்க்காது. விரிசலுக்குக் குறுக்கே ஜிப்சத்தில் சின்னப் பட்டை வச்சு, தேதி எழுதி ரெண்டு மாசம் பாருங்க. பட்டை வெடிச்சா, ஒண்ணு அஸ்திவாரம் இறங்குது, இல்லே டெரஸ் உத்திரத்தோட முனை சுவருக்குள்ள உளுத்திருக்கு. அதை முதலில் பார்க்கணும்.

பட்டை வெடிக்கலைன்னா மூலைக்கு வலை போடலாம். 2001 செப்டம்பர் 25 நிலநடுக்கம் (அளவு 5.5) இந்தக் கரையோரம்தான், அதனால மூலையைக் கட்டி வைக்கிறதில் தப்பில்லை. ஆனா தேங்காய் நார்க் கயிற்று வலையைக் கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. தேங்காய் நார் அறுவதற்குள் 20 சதவீதத்துக்கு மேலேயும் இழுபடும். அது இழுத்துப் பிடிக்கறதுக்குள்ள விரிசல் அகலமாயிடும். சணல் 2 சதவீதம் இழுபடறதுக்குள்ளேயே அறும், ஆனா விறைப்பானது, விரிசல் ஆரம்பத்திலேயே பிடிக்கும். ஈரமும் கரையானும்தான் அதுக்குப் பகை, தரையிலிருந்து ஓரடி மேலேயே நிறுத்துங்க.

எந்த வலையானாலும் ரெண்டு பூச்சுக்கு நடுவே உட்காரணும், செங்கல்லோட ஒட்டக் கூடாது. மேலேற்று (ஒரு வலை மேல இன்னொண்ணு ஏறும் அளவு) 15 செ.மீ. மூலையைச் சுத்தி ரெண்டு பக்கமும் 60 செ.மீ. 50 செ.மீ.க்கு ஒரு துளை, சுவரின் ரெண்டு முகத்து வலையையும் துளை வழியா இழுத்துக் கட்டணும். கட்டாத வலை பூச்சோடயே கழண்டு வரும்.

குருசுக்குப்பம்_வீடு:
ரொம்ப நன்றிங்க. கடுக்காய்த் தண்ணி சேர்க்கலாமா? உப்பு பூத்த மூணடிக்கும் நார்ப் பூச்சுதானா?

சாந்துக்கரண்டி:
கடுக்காய் சேர்க்கலாம், ஆனா நிறம் மங்கும், மேல் பூச்சில் தவிருங்க. கீழ் மூணடியில் நார் வேண்டாம். அங்கே சுண்ணாம்பு மட்டும் பூசி, உப்பை அது வாங்கிக்கட்டும், உதிர்ந்தா மறுபடி பூசிக்கலாம். கடலைப் பார்த்த சுவரில் மூணுக்கு மூணடி இடத்தில் சோதனைக்குப் பூசி மூணு வாரம் விடுங்க. தட்டினா 'டொக்டொக்'னு பொள்ளல் சத்தம் கேட்டா, சுவரைச் சரியா நனைக்கலைன்னு அர்த்தம்.