அப்பா திருவிருந்து எடுத்த ஞாயிறு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கன்வென்ஷன்ல, அதான் பெரிய நற்செய்திக் கூட்டத்துல, மனந்திரும்புறேன்னு அழுது கைய தூக்குனவங்க நெறைய பேர பாத்திருக்கேன், நானும் தூக்கிருக்கேன். ஆனா மாறுதல் கடைசி வரைக்கும் நின்னதுன்னா என் கண்ணால பாத்தது எங்கப்பா விஷயம், அதையே எழுதுறேன்.

திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணத்துப் பங்குல தகராறு, யாரு எத்தன மணி நேரம் மோட்டார் போடுறதுன்னு ஆரம்பிச்சு கோர்ட்டு வரைக்கும் போயி 11 வருஷம் பேச்சே கெடையாது. ஒரே கோயிலு, அப்பா வடக்கு வாசல்ல வந்தா சித்தப்பா தெக்கு வாசல்ல வருவாரு. திருவிருந்து நாள்ல, இயேசுவ நெனச்சு அப்பமும் ரசமும் எடுக்குற ஆராதனைல, ஐயர் (எங்க சபை போதகர்) அந்த அழைப்ப வாசிப்பாருல்ல, அயலாரோட சமாதானமா இருக்குறவங்க கிட்ட வாங்கன்னு, அது வர்றதுக்கு முன்னாடியே அப்பா எந்திரிச்சு வெளிய போயிருவாங்க. 11 வருஷமும் எடுக்கல. அப்பல்லாம் அது வீம்புன்னு நெனச்சேன், இப்ப யோசிச்சா அந்த வார்த்தைக்கு எங்க சபைலயே ரொம்ப பயந்தது எங்கப்பாதான்னு தோணுது.

2009 லெந்து காலத்துல, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, எங்க வீட்டுல ஜெபக்கூட்டம். உபதேசியார் (போதகருக்கு உதவியா இருக்குறவர்) மத்தேயு 5:23, 24 வாசிச்சாரு, காணிக்கைய பலிபீடத்துகிட்ட வச்சிட்டு மொதல்ல போயி சகோதரனோட ஒப்புரவாகுன்னு. அப்பா ஒண்ணும் பேசல, அன்னைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்ல. மறுநாள் விடிஞ்சதும் சித்தப்பா வீட்டுக்கு போனாங்க, கதவ தொறக்கல. நாலு நாள் கழிச்சு திரும்பப் போனாங்க, சித்தி வாசல்லயே நிக்க வச்சு பேசி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவ வக்கீல பாத்து கேஸ வாபஸ் வாங்கி அந்த பேப்பரோட போனாங்க. சித்தப்பா அத வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு "உக்காருண்ணே"ன்னாரு. சித்தி காப்பி போட்டாங்க. அந்த ஈஸ்டருக்கு அப்பா திருவிருந்து எடுத்தாங்க, நான் பக்கத்துல முழங்கால் போட்டிருந்தேன், அப்பாவுக்கு கை நடுங்கிட்டே இருந்துச்சு.

2012-ல மழ பொய்ச்சு கிணத்துல தண்ணி அடிமட்டத்துக்கு போயிருச்சு, எனக்கு பயம், பழசு திரும்பிருமோன்னு. அப்பா தன் முறைய சித்தப்பா வாழைக்கு விட்டுட்டாங்க, எங்க நெல்லு கருகுச்சு. அம்மாவுக்கு அதுல வருத்தந்தான், மறைக்க மாட்டேன். அப்பா 2021-ல கர்த்தருக்குள்ள நித்திரை அடஞ்சப்ப தலமாட்டுல ராத்திரி முழுக்க உக்காந்திருந்தது சித்தப்பா.

* * *

அண்ணே வாசிச்சு கண்ணு கலங்கிருச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மளிகைக் கடை. ஞானஸ்நானம் எடுத்து ரெண்டு வருஷம் ஆன பிறகும் எடைய ஏமாத்த தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டிருந்துச்சு, எனக்கும் தெரியும், நானும் கேக்கல. ஒருநா குடும்ப ஜெபத்துல எங்க பையன் பைபிள்ல வர்ற வரி வசூலிக்கிற சகேயு கதைய வாசிச்சான், ஒருத்தன்கிட்ட அநியாயமா வாங்கிருந்தா நாலத்தனையா (நாலு மடங்கா) திருப்பித் தர்றேன்னு வருமே அந்த எடம். அவரு அப்படியே எந்திரிச்சுப் போயி புளிய சுரண்டி எடுத்தாரு. கடன் நோட்டுல இருந்த எல்லார்கிட்டயும் உண்மைய சொல்லி பாக்கிய கொறச்சாரு. சில பேரு "அப்ப இத்தன நாளா?"ன்னு கேட்டுட்டு வேற கடைக்கு போயிட்டாங்க, அந்த வருஷம் நகைய அடகு வச்சுதான் பிள்ளைங்களுக்கு பீஸ் கட்டுனோம். ஒன்பது வருஷம் ஆச்சு, தராசு நேராத்தான் நிக்குது.

* * *

ரெண்டு சாட்சிக்கும் தேவனுக்கு மகிமை. தனி மனுசன் மாறுற மாதிரி சபையும் மாறணுமே, அந்த பாரம் எனக்கு. 1833-லயே கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி வித்தியாசம் கூடாதுன்னு கடிதம் அனுப்பினாரு. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில்ல சாதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சிருந்த தடுப்ப 1910-ல இடிச்சாங்க. அதெல்லாம் நடந்து இத்தன வருஷம் ஆகியும் எங்க சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவரு நிக்குது. முன்னாடி அசனத்துலயும் (சபைல எல்லாருக்கும் போடுற சாப்பாடு) சாதிக்கு ஒரு தனிப் பந்தி, வாலிபர் சங்கத்து பிள்ளைங்க எட்டு வருஷத்துக்கு முன்னாடி பெரியவங்க திட்டத் திட்ட எல்லா எலையும் ஒரே வரிசைல போட்டாங்க, மொத வருஷம் பாதி பேரு சாப்பிடாமலே போனாங்க, இப்ப எல்லாரும் உக்காருறாங்க. சுவர் விஷயத்த போன மாசம் கமிட்டில திரும்ப எடுத்திருக்கோம், ஜெபத்துல நெனச்சுக்கோங்க.